ஆப்பிரிக்க நகரங்களில் வண்டிப் புகையைக் குறைப்பது எப்படி: முதலில் மெக்கானிக், பிறகு மோட்டார்

நைரோபி, கம்பாலா, கிகாலி மாதிரி ஊர்களில் வண்டிப் புகையைக் குறைக்கும் வேலையில் இறங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் தொழிற்பயிற்சி கொடுப்பவராக இருக்கலாம், அங்கே பட்டறையோ உதிரிபாகக் கடையோ நடத்துபவராக இருக்கலாம், ஏதாவது தொண்டு நிறுவனத்தில் திட்டம் போடும் வேலையில் இருக்கலாம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஓடும் வண்டியை மின்சாரத்துக்கு மாற்றும் எலக்ட்ரிக் கிட் வாங்குவதில் ஆரம்பிக்காதீர்கள். சாலையோரத்தில் வண்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்கிடம் ஆரம்பியுங்கள். இன்றைக்கு ஓடும் வண்டி எவ்வளவு புகை விடும் என்பதை அவர் கைதான் முடிவு செய்கிறது, நாளைக்கு அதே வண்டியில் மோட்டாரும் பேட்டரியும் ஏறினால் அதைப் பழுது பார்க்கப் போவதும் அவர்தான்.

அங்கே ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை பழையதாக வந்து இறங்கியவை. 2015 முதல் 2018 வரை ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான், அமெரிக்கா மூன்றும் சேர்ந்து 1.4 கோடி பழைய இலகுரக வண்டிகளை ஏற்றுமதி செய்தன, அதில் ஏறக்குறைய 40 சதவீதம் ஆப்பிரிக்காவுக்குப் போனது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2020-ல் கணக்குச் சொன்னது. கென்யா எட்டு வருடத்துக்கு மேல் பழைய வண்டியை உள்ளே விடுவதில்லை, ஆனால் உள்ளே வந்த வண்டி அதற்கப்புறம் இன்னும் பல வருடம் ஓடுகிறது. எரிபொருளின் தரமோ இதற்கிடையில் நன்றாக முன்னேறிவிட்டது. சகாராவுக்குத் தெற்கே ஈயம் கலந்த பெட்ரோல் 2006 தொடக்கத்திலேயே ஒழிந்தது, உலகத்தில் கடைசியாக விற்றுக்கொண்டிருந்த அல்ஜீரியாவும் 2021 ஜூலையில் நிறுத்திவிட்டது, கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் 2015-லிருந்து டீசலில் கந்தகத்தைப் பத்து லட்சத்துக்கு 50 பங்கு என்ற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டன. ஈயமும் கந்தகமும், புகைக்குழாயில் நச்சு வாயுவைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்பதால் முன்பெல்லாம் அதைக் காப்பாற்றுவதில் பெரிய பயன் இல்லை. இன்றைக்கு இருக்கிறது. நல்ல எரிபொருள் வந்துவிட்ட பிறகும் வண்டி கறுப்பாகப் புகைகிறது என்றால் மிச்சப் பிரச்சினை பெரும்பாலும் பராமரிப்பில்தான்.

ஆளைத் தேர்ந்தெடுப்பது

கென்யாவில் ஜுவா காலி என்று சொல்லப்படும் திறந்தவெளித் தொழிலாளர்கள்தான் நாட்டின் வண்டிகளை ஓட வைக்கிறார்கள். நைரோபியில் கிரின்யாகா சாலை, கரியோபாங்கி பக்கம் போய்ப் பாருங்கள், கானாவில் குமாசி நகரத்தின் சுவாமே மேகசின் இன்னும் பெரியது, ஒரு ஊர் அளவுக்குப் பட்டறைகள். இவர்களில் பலர் சின்ன வயதில் ஒரு மூத்த மெக்கானிக்கிடம் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே தொழில் கற்றவர்கள். கையில் சான்றிதழ் இருக்காது, வேலை இருக்கும். அதனால் பத்தாம் வகுப்பு பாஸ், டிப்ளமா என்றெல்லாம் தகுதி வைத்து ஆள் எடுத்தீர்கள் என்றால் உண்மையில் வண்டியைத் தொடுகிற ஆள் ஒருவரும் உங்கள் வகுப்புக்கு வர மாட்டார். மூத்தவரைப் பிடியுங்கள். அவர் மாறினால் அவருக்குக் கீழே இருக்கும் பையன்கள் தானாக மாறுவார்கள், பையனை மட்டும் பயிற்சிக்கு அழைத்துப்போய்த் திருப்பி அனுப்பினால் மூத்தவர் 'அதெல்லாம் வேண்டாம், பழைய மாதிரியே செய்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்.

இவர்கள் தினக்கூலியில் வாழ்கிறவர்கள். இரண்டு வாரம் முழுநாள் வகுப்பு என்றால் இரண்டு வாரம் வீட்டில் அடுப்பு எரியாது. அரை நாள் வகுப்பாக வையுங்கள், இழக்கும் கூலிக்கு ஈடு கொடுங்கள், முடிந்தால் அவர்கள் பட்டறையிலேயே, அன்றைக்கு வந்து நிற்கும் வண்டியிலேயே பாடம் நடத்துங்கள். கென்யாவில் என்றால் பேச்சு சுவாஹிலியில் இருக்கட்டும். ஒரு புகை அளக்கும் கருவியைச் சுற்றி எட்டுப் பேருக்கு மேல் நிற்க வைக்காதீர்கள், பின்னால் நிற்பவர் எண்ணைப் பார்க்கவே முடியாது. கென்யாவில் தேசியத் தொழிற்பயிற்சி ஆணையம் அனுபவத்தில் கற்றவர்களுக்கும் மூன்று நிலைகளில் தொழில்தேர்வு வைக்கிறது. பயிற்சியின் முடிவில் அந்தத் தேர்வுக் கட்டணத்தை நீங்களே கட்டி அவர்களை உட்கார வையுங்கள். நீங்கள் அச்சடித்துக் கொடுக்கும் வண்ணச் சான்றிதழைவிட அது பல மடங்கு மதிப்பு.

அளந்துவிட்டு வண்டியைத் தொடுவது

பயிற்சியின் முதல் நாள் ஸ்பேனரே எடுக்க வேண்டாம். புகை அளக்கும் கருவியை மட்டும் எடுங்கள். பெட்ரோலுக்கு நாலு வாயுவை அளக்கும் அனலைசர், டீசலுக்குப் புகையின் அடர்த்தி பார்க்கும் ஸ்மோக் மீட்டர். வந்து நிற்கும் வண்டியை அளந்து, எண்ணைச் சுவரில் எழுதி, பிறகு வேலை செய்து, மறுபடி அளக்க வேண்டும். காதாலும் மூக்காலும் டியூன் செய்து பழகிய ஒருவர் தன் வேலை திரையில் எண்ணாக இறங்குவதைப் பார்த்துவிட்டால் அதற்கப்புறம் நீங்கள் அதிகம் பேச வேண்டியிருக்காது. கேட்டலிஸ்ட் ஒழுங்காக வேலை செய்யும் பெட்ரோல் காரில் ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். கார்புரேட்டர் பைக்கில் அந்த அளவுக்கு வராது, நம் ஊர்ப் புகைப் பரிசோதனையில் 2000-க்குப் பிறகு வந்த பைக்குக்கு வைத்திருந்த 3.5 சதவீத வரம்பைத் தாண்டாமல் இருந்தாலே முதல் மாதத்துக்கு நல்ல ஆரம்பம்.

பைக்கிலேயே தொடங்கலாம், ஏனென்றால் போடா போடா எனப்படும் வாடகை பைக்குகள்தான் எங்கும் நிறைந்திருக்கின்றன. அவற்றில் நிறைய இந்தியத் தயாரிப்பு, பஜாஜ் பாக்சரும் ஓசூர் கம்பெனியின் டிவிஎஸ் எச்.எல்.எக்ஸும் அங்கே மூலைக்கு மூலை தென்படும். நம் ஊர் மெக்கானிக்குக்குத் தெரிந்த வேலைதான்: ஏர் ஃபில்டர், பிளக், டாப்பெட் (வால்வு) இடைவெளி, ஐட்லிங் ஸ்க்ரூ, செயின். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் வெளிர் பழுப்பு நல்லது, கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, வெள்ளையாக இருந்தால் காற்று அதிகம்.

ஆனால் அங்கே ஒரு விஷயம் கூடுதலாக உண்டு, உயரம். நைரோபி கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 1,800 மீட்டர், அடிஸ் அபாபா 2,300 மீட்டருக்கும் மேல். நைரோபியில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, ஆக கடற்கரை ஊரான மொம்பாசாவில் சரியாக ஓடும் அதே கார்புரேட்டர் நைரோபிக்கு ஏறியதும் பெட்ரோலை அதிகமாகக் கொடுக்கிறது. ஐட்லிங் ஸ்க்ரூவை எவ்வளவு திருகினாலும் ஓட்டத்தில் சரியாகாது, கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் துளையான மெயின் ஜெட்டையே ஒரு அளவு சின்னதாக மாற்றிப் பார்க்க வேண்டும். மாற்றிய பிறகு பிளக் நிறத்தையும் அனலைசரையும் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள், ரொம்பச் சின்னதாகப் போட்டால் இன்ஜின் சூடாகிவிடும். சென்சார் வைத்த இன்ஜெக்‌ஷன் வண்டி இதைத் தானே சரிசெய்துகொள்ளும், அங்கே இந்தப் பாடம் தேவையில்லை.

டீசல் வண்டிகளில் நிறத்தை வைத்துப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். கறுப்புப் புகை என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம்: அடைத்த ஃபில்டர், டீசலைத் தெளிக்கும் முனையான நாசில் தேய்ந்தது, டர்போ குழாயில் கசிவு, இழுவை வேண்டுமென்று யாரோ முறுக்கிவிட்ட பம்ப். நீலம் என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது, அதை ஃபில்டர் மாற்றிச் சரிசெய்ய முடியாது, பிஸ்டன் ரிங் வேலைக்குத்தான் போக வேண்டும். நாசிலைக் கழற்றி டெஸ்டரில் போட்டு, பூப்போலச் சிதறுகிறதா, கோடாக ஒழுகுகிறதா என்று பார்க்க வைப்பது ஒரு முழு வகுப்புக்கான வேலை, அதில் நேரம் செலவழியுங்கள். மடாடு எனப்படும் மினிபஸ்களில் புகைக்குப் பெரும் பங்கு ஃபில்டரும் நாசிலும்தான்.

எரிபொருள் கலப்படத்தையும் விட்டுவிடக் கூடாது. மண்ணெண்ணெய் விலை மலிவாக இருந்தவரை டீசலில் அதைக் கலப்பது கென்யாவில் பெரிய தொழிலாகவே நடந்தது, அதைத் தடுக்கத்தான் 2018-ல் அரசு மண்ணெண்ணெய் மீது லிட்டருக்கு 18 ஷில்லிங் தனி வரி போட்டது. பெட்ரோலைச் சோதிக்க ஒரு சொட்டு ஃபில்டர் தாளில் விட்டு உலர விடுங்கள், சுத்தமான பெட்ரோல் கறையில்லாமல் ஆவியாகிவிடும், மண்ணெண்ணெய் கலந்திருந்தால் எண்ணெய் வளையம் நிற்கும். டீசலுக்கு இது உதவாது, அடர்த்திமானி வேண்டும். இந்தச் சோதனை தெரியாத மெக்கானிக் கலப்பட டீசலின் பழியை நாசில் மீது போட்டு, வண்டிக்காரரின் பணத்தை வீணாக்குவார்.

அப்புறம் கேட்டலிடிக் கன்வெர்ட்டர். உள்ளே இருக்கும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியத்துக்காக அதை வெட்டி விற்பது மெக்கானிக்குக்கு நல்ல வருமானம், 'எடுத்துவிட்டால் வண்டி இழுக்கும்' என்று வண்டிக்காரரையும் நம்ப வைத்துவிடலாம். அறிவுரை சொன்னால் இது நிற்காது. அடைத்துப்போன கன்வெர்ட்டரையும் நல்ல கன்வெர்ட்டரையும் புகைக்குழாயின் பின்னழுத்தம் அளந்து பிரித்துக் காட்டுங்கள், அடைப்புக்குக் காரணம் அதற்கு முன்னால் இன்ஜினில் பெட்ரோல் சரியாக எரியாமல் விடும் மிஸ்ஃபயரோ ஆயில் எரிவதோதான் என்று காட்டுங்கள். காரணத்தைச் சரிசெய்து காசு வாங்கத் தெரிந்தவருக்கு வெட்டி விற்கும் அவசரம் குறையும்.

காசு யார் பையிலிருந்து வருகிறது

திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். மடாடு ஓட்டுநர் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று முதலாளிக்குக் கட்டிவிட்டு, டீசல் செலவையும் வசூலிலிருந்தே பார்த்துக்கொள்கிறார். பழுதுச் செலவு முதலாளியுடையது. ஆக டியூனிங்குக்குக் காசு கொடுப்பவர் ஒருவர், டீசல் மிச்சத்தை அனுபவிப்பவர் இன்னொருவர். வாடகைக்கு எடுத்து ஓட்டும் போடா போடாவிலும் இதே கதைதான். எனவே ஃபில்டர், டயர் காற்று மாதிரி சின்ன வேலையை ஓட்டுநரிடம் எரிபொருள் கணக்காகச் சொல்லுங்கள், நாசில், டாப்பெட் மாதிரி பெரிய வேலையை முதலாளியிடம் இன்ஜின் ஆயுள் கணக்காகச் சொல்லுங்கள். மெக்கானிக்குக்கும் இந்தப் பேச்சைப் பழக்கிவிட வேண்டும், பயிற்சியில் ஒரு மணி நேரம் இதற்கே ஒதுக்கலாம்.

எந்த வண்டியை எலக்ட்ரிக் ஆக்கலாம்

எல்லா வண்டியையும் மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. தினமும் ஏறக்குறைய ஒரே தூரம் ஓடி, ராத்திரி ஒரே இடத்தில் வந்து நிற்கும், சேஸிஸ் நன்றாக இருக்கும், விலை உயர்ந்த வண்டிதான் பொருத்தம். அதனால்தான் கென்யாவில் இந்த வேலை சஃபாரி ஜீப்பில் ஆரம்பித்தது. 2017-ல் நைரோபியில் தொடங்கிய ஓபிபஸ் நிறுவனம், பிறகு ரோம் என்று பெயர் மாற்றிக்கொண்டது, லேண்ட் குரூசர்களை மின்சாரத்துக்கு மாற்றியது. மசாய் மாரா வனவிலங்குப் பகுதியில் எம்பூ என்ற சுற்றுலா முகாம் அப்படி மாற்றிய வண்டிகளைச் சூரிய மின்சாரத்தில் சார்ஜ் செய்து ஓட்டுகிறது. மெதுவாக, நின்று நின்று போகும் ஓட்டம், சத்தம் இல்லாததால் விலங்கும் மிரளாது, பெட்ரோல் பங்க் வெகு தூரம் என்பதால் மிச்சமும் அதிகம்.

மலிவான பழைய காரை மாற்றாதீர்கள், பேட்டரி விலையே காரைத் தாண்டிவிடும். நாள் முழுக்க ஓடும் மடாடுவுக்கு என் யோசனை புது எலக்ட்ரிக் பஸ்தான், நைரோபியில் பாசிகோ நிறுவனம் 2022-லிருந்து அந்த வழியில் போகிறது. பைக்கிலும் கிட்டத்தட்ட அப்படித்தான்: ருவாண்டாவில் ஆம்பர்சாண்ட் மாதிரி நிறுவனங்கள் சில நிமிடத்தில் பேட்டரி மாற்றித் தரும் நிலையங்களோடு புது பைக்கையே இறக்கிவிட்டன, 2025 ஜனவரியிலிருந்து கிகாலியில் புதிதாகப் பதிவாகும் வாடகை பைக் எலக்ட்ரிக்காகத்தான் இருக்க வேண்டும் என்று அரசும் சொல்லிவிட்டது. பேட்டரி மாற்றும் நிலையம் இல்லாத ஊரில், நல்ல ஃப்ரேம் உள்ள பைக் கிடைத்தால் மட்டும் மாற்று வேலையை யோசிக்கலாம்.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். கென்யாவில் ஓல்காரியா புவிவெப்பம், நீர்மின்சாரம், துர்கானா காற்றாலை எல்லாம் சேர்த்து சுமார் 90 சதவீதம் புதுப்பிக்கத்தக்கது. 2023-லிருந்து மின்வாகனங்களுக்குத் தனிக் கட்டணம் இருக்கிறது, ஆள் அதிகம் பயன்படுத்தாத ராத்திரி நேரத்தில் அது இன்னும் மலிவு. தென்னாப்பிரிக்காவில் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து. அங்கே நகரத் தெருவில் புகை குறையும், ஆனால் கரியமில வாயுக் கணக்கில் கென்யா அளவுக்கு லாபம் இராது.

மாற்று வேலை

பேட்டரி அளவை வண்டிக்காரரின் ஆசையை வைத்து முடிவு செய்யாதீர்கள், ஓட்டத்தை வைத்துச் செய்யுங்கள். ஒரு வாரம் தினசரித் தூரத்தைக் குறித்து வாங்குங்கள். கனமான ஜீப்புக்குக் கிலோமீட்டருக்கு 350 வாட்-மணி என்று வைத்தால் 80 கிலோமீட்டருக்கு 28 யூனிட், பேட்டரியை 80 சதவீதம் மட்டும் பயன்படுத்தினால் 35 யூனிட், வருடங்கள் போகப்போகத் திறன் குறையும் என்பதற்குக் கொஞ்சம் சேர்த்தால் 40 யூனிட். லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட் செல்லில் அது சுமார் 300 கிலோ வரும். இன்ஜின், ரேடியேட்டர், எக்சாஸ்ட், டீசல் டேங்க் எல்லாம் இறங்குவதில் அந்த எடையின் பெரும் பகுதி ஈடாகிவிடும், ஆனாலும் வேலைக்கு முன்னும் பின்னும் முன் ஆக்சில், பின் ஆக்சில் இரண்டையும் தனித்தனியாக எடைபோட்டே ஆக வேண்டும்.

கியர்பாக்ஸை அப்படியே வைத்துக்கொண்டு மோட்டாரை அடாப்டர் பிளேட் போட்டு இணைப்பதுதான் வழக்கம். ஜுவா காலி ஆட்களின் வெல்டிங்கும் லேத் வேலையும் பிரமாதம், ஆனால் இந்த ஒரு பிளேட்டில் கண்ணளவு போதாது, டயல் கேஜ் வைத்து மையம் பார்க்க வேண்டும், தப்பினால் கியர்பாக்ஸ் பேரிங் சீக்கிரம் போய்விடும். இன்னொன்று பலரும் மறப்பது: டீசல் லேண்ட் குரூசரில் பிரேக்குக்கான வேக்குவம் பம்ப் இன்ஜினோடு சேர்ந்தது. இன்ஜின் போனால் அதுவும் போய்விடும், பவர் ஸ்டியரிங் பம்பும் அப்படியே. இரண்டுக்கும் மின்சார பம்ப் வைத்து, முற்றத்திலேயே பிரேக் சோதித்த பிறகுதான் வண்டி கேட்டைத் தாண்டலாம்.

உயர் மின்னழுத்த வேலையைப் படிப்படியாகத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். முதலில் 72 வோல்ட்டுக்குள் இருக்கும் பைக், அதில் கை தேர்ந்த பிறகு 300 வோல்ட்டுக்கு மேலே. ஒருவர் தனியாக ஒருபோதும் பேட்டரி பேக்கைத் திறக்கக் கூடாது. மோதிரம், வாட்ச் கழற்ற வேண்டும், 1,000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறையைப் போடும் முன் ஒவ்வொரு தடவையும் காற்றடைத்துப் பிடித்து ஓட்டை பார்க்க வேண்டும். பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை எடுத்து, அதை எடுத்தவர் தன் பையிலேயே வைத்துக்கொண்டு, கண்ட்ரோலரில் இருக்கும் கெப்பாசிட்டர் இறங்கப் பத்து நிமிடம் காத்திருந்து, மீட்டரை முதலில் தெரிந்த ஒரு மின்சாரத்தில் வைத்துச் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்து, பிறகு பேக்கில் பூஜ்யம் பார்த்து, மறுபடி தெரிந்த மின்சாரத்தில் பார்க்க வேண்டும். செத்துப்போன மீட்டரும் பூஜ்யம்தான் காட்டும், அதனால்தான் மூன்று தடவை. மனப்பாடமாகும்வரை இதைச் செய்ய வையுங்கள், அவசரப்படுத்தும் முதலாளி பக்கத்தில் நின்றாலும் ஒரு படியைக்கூட விடாதவருக்கு மட்டும் அடுத்த நிலை.

பேட்டரிப் பெட்டி இரண்டு ஆக்சிலுக்கு நடுவில், தாழ்வாக, தண்ணீர் புகாததாக இருக்கட்டும். ஃபியூஸ் பேக்குக்கு ஒட்டியே இருக்க வேண்டும், கேபிளின் மறுமுனையில் வைத்தால் நடுவில் ஷார்ட் ஆகும்போது உதவாது. பேட்டரியை இணைக்கும் பெரிய சுவிட்சான காண்டாக்டருக்கு, முதல் மின்பாய்ச்சலை மட்டுப்படுத்தும் ப்ரீசார்ஜ் ரெசிஸ்டர் போடாமல் விட்டால் முதல் சாவியிலேயே முனைகள் ஒட்டிக்கொள்ளும். வண்டி முடிந்ததும் மெக்கர் எனும் மின்காப்பு அளக்கும் கருவியை வைத்து பாடிக்கும் உயர் மின்னழுத்த வயருக்கும் இடையே காப்பு பாருங்கள், ஒரு வோல்ட்டுக்குக் குறைந்தது 500 ஓம் இருந்தால்தான் வண்டியை வெளியே விடலாம், 400 வோல்ட் பேக் என்றால் இரண்டு லட்சம் ஓம். நடைமுறையில் புது வேலையில் அதைவிட எத்தனையோ மடங்கு வர வேண்டும்.

அப்புறம் சாலை. மாராவுக்குப் போகும் வழியில் வரிவரியாக இருக்கும் மண் பாதையில் நட்டு, லக் (கேபிள் முனை) எதுவும் அப்படியே நிற்காது. ஒவ்வொரு போல்ட்டையும் டார்க் ரெஞ்சில் முறுக்கியதும் பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள், கோடு விலகியிருந்தால் தளர்ந்திருக்கிறது என்று பையனுக்குக்கூடத் தெரிந்துவிடும். முதல் 500 கிலோமீட்டரில் வண்டியைத் திரும்பக் கூப்பிட்டு எல்லாவற்றையும் பாருங்கள். தளர்ந்த லக் சூடாகும், சூடு தீயில் முடியும்.

காகித வேலையை வண்டியைப் பிரிக்கும் முன்பே தொடங்குங்கள். கென்யாவில் போக்குவரத்து ஆணையத்திடம் வண்டியின் விவரத்தில் இன்ஜினும் எரிபொருளும் மாறியதைப் பதிவு செய்ய வேண்டும், காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் விபத்து நடந்தால் இழப்பீடு கிடைப்பது சந்தேகம்.

கடைசியாக, கழற்றிய இன்ஜின். அதை அப்படியே உதிரிபாகச் சந்தையில் விற்றால் அடுத்த வாரமே இன்னொரு வண்டியில் ஏறிப் புகைய ஆரம்பித்துவிடும், நீங்கள் குறைத்த புகை இடம் மாறியதுதான் மிச்சம். ஒப்பந்தம் போடும்போதே இதைப் பேசி முடித்துவிடுங்கள். இன்ஜின் நல்ல நிலையில் இருந்தால் அதே முதலாளியின் வேறு டீசல் வண்டியில் தேய்ந்துபோன இன்ஜினுக்குப் பதிலாக ஏற்றலாம். தேய்ந்ததாக இருந்தால் ஆயிலை வடித்து, மண்ணில் கொட்டாமல் டிரம்மில் பிடித்து, பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுத்துவிட்டு, பிளாக்கில் ஓட்டை போட்டு இரும்புக்கடைக்கு அனுப்புங்கள். ஓட்டை போட்ட பிளாக்கின் படம் ஒன்றை அந்த வண்டியின் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள், திட்டத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் கேட்பார்கள்.